கிணற்றுக்குள் இறக்கிய மெஷின்

தாஹிரைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து ஸும்ரா இரண்டு பேருக்குமாகச் சேர்த்துப் பயந்து வந்தாள். தாஹிர் முரடனல்ல. மற்றவர்கள் விஷயத்தில் அவனைப் போல முன்யோசனைக்காரன் கனமூலை ஊரிலேயே கிடையாது. ஹெல்மெட் போடாமல் மதுரங்குளிக்குப் போகிறவர்களை மறித்து ஏசுவான். ஏசி முடித்து, தன்னுடைய ஹெல்மெட்டை மோட்டார் சைக்கிளில் தொங்கவிட்டபடியே கிளம்புவான். ஊரெல்லாம் டெங்குவில் படுத்தபோது அயல்வீட்டுப் பிள்ளைகளுக்கு நுளம்பு வலை வாங்கிக் கொடுத்தவன், தான் வெறும் பாயில் படுத்தான்.

"எனக்கு அதெல்லாம் வராது புள்ள" என்பான்.

போன வருட வறட்சியில் பக்கத்துத் தோட்டத்து றஸீன் கிணற்றுக்குள் மவுத்தானார். தண்ணீர் ஆழத்துக்குப் போய்விட்டதால் மேலே வைத்த தண்ணீர் மெஷினால் இழுக்க முடியவில்லை. கிணற்றின் உள்திட்டில் மெஷினை இறக்கி ஓடவிட்டார். எண்ணெய்ப் புகை உள்ளே அடைந்து, இருந்த இடத்திலேயே ஆள் முடிந்துபோனார். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. உயிரில்லாத அந்த மையத்தைத் தூக்கியவர்களில் தாஹிரும் ஒருவன். வீட்டுக்கு வந்து குளித்து, பிளேன்டீயைக் கையில் வாங்கியதும் சொன்னான்:

"றஸீன் நானா மெஷினுக்குப் பக்கத்துலயே குந்திக்கிட்டு இருந்திருக்காரு. ஸ்டார்ட் பண்ணின உடனே மேல ஏறியிருக்கணும்."

இனியாவது இவருக்குப் பயம் வரும் என்று ஸும்ரா எதிர்பார்த்திருந்தாள். அந்தச் சாவிலிருந்து தனக்கும் றஸீனுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் அவன் பொறுக்கி எடுத்து வந்திருந்தான்.

இந்த வருடமும் மழை ஏமாற்றியது. மிளகாய்க் கன்றுகள் தலை சாய்ந்தன. ஒருநாள் காலையில் தாஹிர் மெஷினைக் கயிற்றில் கட்டித் தங்கள் கிணற்றுக்குள் இறக்கத் தொடங்கினான். ஸும்ரா அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"வேணாங்க! றஸீன் நானாட மையத்தத் தூக்கினவர் நீங்கதானே!"

"அதனாலதான் எனக்குத் தெரியும், எப்ப ஏறணும் என்டு. அழாதீங்க புள்ள."

அவள் அழுகை நிற்கவில்லை. அவளைச் சமாதானப்படுத்துவதற்காகத்தான் நெஞ்சைச் சுற்றி ஒரு கயிறு கட்டிக்கொள்ளச் சம்மதித்தான். மறுமுனையை அவள் தென்னையில் முடிந்தாள்.

மெஷினை ஓடவிட்டு, சொன்னபடியே ஏறிவந்தான். குழாயில் தண்ணீர் கொட்டியது. "பாத்தீங்களா?" என்று சிரித்தான். வாய்க்கால் பாதி நிறையும் முன்னர் மெஷின் நின்றுவிட்டது.

"ஒரு இழுவைதான். இழுத்துட்டு வந்துர்றேன்."

அவள் கையை நீட்டித் தடுப்பதற்குள், நெஞ்சில் கட்டிய கயிற்றோடேயே இறங்கிவிட்டான். மெஷினை ஸ்டார்ட் பண்ணும் கயிற்றை இழுக்கும் சத்தம் கேட்டது. மறுபடியும் கேட்டது. அப்புறம் ஒன்றுமில்லை.

"இஞ்சாருங்க! ஏறுங்க!"

"தலை... சுத்துது..." என்றது கீழிருந்து ஒரு குரல். அது அவனுடைய குரல் மாதிரியே இல்லை.

எட்டிப் பார்த்தாள். சுவரில் சாய்ந்து, தலை தொங்கி நாடி நெஞ்சில் பட, நித்திரை கொள்கிறவன் போல இருந்தான்.

எப்போது கிணற்றுக்கட்டைத் தாண்டினாள் என்று அவளுக்கே தெரியாது. கால் இரும்புப் படியில் இருந்தது. அடுத்த படியிலும் வைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடி இறங்கி ஓடி ஏறிவிடலாம், எனக்கு ஒன்றும் ஆகாது என்று மனது சொல்லிக்கொண்டே இருந்தது. அது தாஹிர் பேசுகிற பேச்சு என்று உறைத்ததும் நின்றாள். அவனைக் கீழே விட்டுவிட்டு அந்த இரண்டு படிகளை ஏறியதைப் போல ஒரு கடினமான காரியத்தை அவள் வாழ்நாளில் செய்ததில்லை. ஏறி, வேலிப்பக்கம் ஓடிக் கத்தினாள்.

யுத்த காலத்தில் வன்னியிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட உருத்திரமூர்த்தியும் அவர் மனைவி றீற்றாவும் ஓடிவந்தார்கள். அவர் செருப்பை உதறிவிட்டுப் படியில் கால் வைத்தார்.

"நான் இறங்கிறன் தங்கச்சி. மூச்சை அடக்கிக்கொண்டு..."

ஸும்ரா அவருடைய கையை இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்தாள். அந்நிய ஆணின் கையை அவள் தொட்டது அதுவே முதல் தடவை.

"வேணாண்ணே! நீங்களும் அதையே சொல்றீங்களே! கயிறு கட்டியிருக்கு, இழுங்க!"

மூவரும் தென்னையில் கால் உதைத்து இழுத்தார்கள். உடம்பு சுவரில் உராய்ந்து உராய்ந்து மேலே வந்தது. வெளியே போட்டபோது மூச்சு இருக்கிறதா என்று காது வைத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது. உருத்திரமூர்த்தி தன் லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றி ரோட்டுக்குக் கொண்டுபோனார். அங்கே ஒரு வேனை மறித்துப் புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வழி முழுக்க அவனுடைய மூக்கின் கீழ் விரலை வைத்தபடி ஸும்ரா ஓதிக்கொண்டே வந்தாள்.

மூக்கில் ஒட்சிசன் பிடித்தார்கள். கண் திறந்தபோது அவனுக்கு அவளை அடையாளம் தெரிந்தது, பெயர் வரவில்லை. மாலையில்தான் "ஸும்ரா" என்றான்.

எழுந்து உட்காரத் தொடங்கிய பிறகு, பார்க்க வந்த ஒருவரிடம் அவன் சொல்லிக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்தது: "அண்டைக்குக் காத்து இல்ல. காத்து அடிச்சிருந்தா புகை வெளிய போயிருக்கும்."

அவள் கையிலிருந்த பிளாஸ்க்கைக் கீழே வைத்தாள். வந்தவர் போனதும் கட்டிலோரத்தில் உட்கார்ந்தாள்.

"நானும் இறங்கினேன்."

"எங்க?"

"கிணத்துக்குள்ள. ரெண்டு படி. எனக்கு ஒண்டும் ஆகாது என்டு நெனச்சேன்."

"பைத்தியமா உங்களுக்கு! மவுத்தாகியிருப்பீங்களே! அந்தப் புகைக்குள்ள யாராவது..."

பேச்சு பாதியில் நின்றது. அந்த முகத்தில் பயத்தை அவள் அதுவரை கண்டதில்லை. அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தவன், காய்ச்சல் பார்க்கத் தாதி வரும்வரை விடவில்லை.

மிளகாய் கருகிப்போயிற்று. தாஹிருக்குத் தலையிடி அடிக்கடி வருகிறது. சின்னச் சின்னச் சொற்கள் வாயில் வர மறுக்கின்றன. மெஷினை உள்ளே இறக்குவதில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம், "மெஷின் பழசாப் போச்சு" என்கிறான். ஸும்ரா அதைத் திருத்துவதில்லை.

அவளுடைய பயம் மட்டும் இடம் மாறிவிட்டது. அன்றொரு நாள் குசினியில் கேஸ் மணப்பது போலிருந்தது. கை தீப்பெட்டியை எடுத்துவிட்டது. ஒன்றும் ஆகாது என்று அவளுக்குள்ளேயே யாரோ சாவகாசமாகச் சொன்னார்கள். ஸும்ரா தீப்பெட்டியை வைத்துவிட்டு, சிலிண்டரை மூடி, ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டு முற்றத்துக்கு வந்தாள். நெஞ்சு அடங்குவதற்கு வெகுநேரம் பிடித்தது.