பன் உப்பிய வெள்ளிக்கிழமை

முதலில் வந்தது வாய்ப்புண். நாக்கின் ஓரத்தில் ஒன்று, உதட்டின் உட்புறம் இரண்டு. வைட்டமின் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டேன். ஆறியது, மறுபடி வந்தது. பிறகு வயிறு கெட்டது. சாப்பிட்ட அரைமணி நேரத்துக்குள் கழிப்பறைக்கு ஓடவேண்டி வந்தது. கரும்பலகையில் பாதிக் கணக்கை விட்டுவிட்டுப் போவேன். திரும்பி வருவதற்குள் பிள்ளைகள் மீதியைப் போட்டு முடித்திருப்பார்கள்.

நான் வால்பாறையில் கணக்கு டீச்சர். என் கணவர் பழனிச்சாமி தேயிலைத் தொழிற்சாலையில் எலெக்ட்ரீஷியன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், எனக்கு முப்பத்திரண்டு வயதாக இருந்தபோது இது ஆரம்பித்தது. ஒன்றரை வருடத்தில் பதினோரு கிலோ குறைந்தேன். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. பள்ளிக்கூடத்துக்கு ஏறும் படிகளில் பாதியிலேயே நின்று மூச்சு வாங்குவேன். மாதவிலக்கும் நின்றுபோனது.

எனக்கு ஏற்கெனவே இரண்டு பொருள்கள் ஆகாது. ஒன்று நிலக்கடலை, இன்னொன்று முட்டை. உடுமலைப்பேட்டையில் நான் சிறுமியாக இருந்தபோது, கடலை மிட்டாய் ஒரு துண்டு தின்றுவிட்டு முகம் வீங்கிக் கண் திறக்க முடியாமல் கிடந்திருக்கிறேன். அதனால் எங்கள் வீட்டில் தேங்காய் எண்ணெய்ச் சமையல்தான். இந்த இரண்டையும் ஒதுக்கி வாழப் பழகியிருந்தேன். ஆகவே புதிதாக வயிறு கெட்டபோது எதைச் சந்தேகிப்பது என்றே எனக்குத் தெரியவில்லை.

உடம்புக்கு முடியாதவர்களுக்கு நம் ஊரில் என்ன கொடுப்பார்கள்? ரொட்டி, ரஸ்க், பாலில் கலந்த மால்ட் பானம். சோறு செரிக்காது, கோதுமைக் கஞ்சி குடி என்பார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ரொட்டிப் பாக்கெட்டோடு வந்தார்கள். நானும் மறுக்காமல் தின்றேன். தின்னத் தின்ன மோசமானேன்.

முதலில் பார்த்த மருத்துவர் வயிற்றில் அமீபா கிருமி என்றார். அடுத்தவர் குடல் காசநோயாக இருக்கலாம் என்று ஆறு மாதம் மருந்து கொடுத்தார். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். என்னைப்போல் மெலிந்து வருகிற பெண்ணுக்கு அன்றைக்கு அதைத்தான் நினைக்க முடியும். மாத்திரையால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போனது. வேறெந்த மாற்றமும் இல்லை.

கடைசியில் கோயமுத்தூரில் ஒரு குடல்நோய் மருத்துவரிடம் போனோம். என் ரத்தச் சோகை எந்த இரும்பு மருந்துக்கும் அசையாமல் இருப்பதை அவர் கவனித்தார். எண்டோஸ்கோபி (வாய்வழியே மெல்லிய குழாயை விட்டு உள்ளே பார்ப்பது) செய்து, சிறுகுடலில் நான்கு இடங்களில் கிள்ளியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். ரத்தமும் வெளியூர்ப் பரிசோதனைக்கூடத்துக்குப் போனது. இரண்டு வாரம் கழித்து மறுபடி போய் உட்கார்ந்தோம்.

“டீச்சர், உங்களுக்குக் காசநோய் இல்லீங்க. கோதுமைதானுங்க உங்க கொடலுக்கு ஆகறதில்ல” என்றார்.

அது சீலியாக் நோய் (கோதுமை, பார்லி போன்றவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடலின் உட்புறம் சேதமாகும் நிலை). குடலின் உள்ளே கம்பளியின் நூலிழைபோல் நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் (உணவின் சத்தை உறிஞ்சும் நுண்ணிய விரல்கள்) எனக்கு மழுங்கிச் சமதளமாகிவிட்டன. என்ன சாப்பிட்டாலும் பிடித்துக்கொள்ள உள்ளே கை இல்லை.

“நாங்க சோறு திங்கிறவங்கதானுங்க டாக்டர். கோதுமை எங்கிருந்துங்க வந்துச்சு?” என்று என் கணவர் கேட்டார்.

மருத்துவர் என்னைப் பார்த்து, காலையிலிருந்து இரவுவரை சாப்பிடுவதைச் சொல்லச் சொன்னார். சொல்லச் சொல்ல எனக்கே கேட்டது. காலையில் மால்ட் பானம். ரவை உப்புமா. பதினொரு மணிக்கு ஆசிரியர் அறையில் டீயும் பன்னும். இரவில் சப்பாத்தி. சொல்லி முடித்ததும் என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். சப்பாத்தி சுட்டுக் கொடுத்தது அவர்தான்.

மருந்து கிடையாது, ஆயுளுக்கும் கோதுமையைத் தொடாமல் இருப்பதுதான் வைத்தியம் என்றார் மருத்துவர். நான் அழவில்லை. பெயர் தெரியாத ஒன்றோடு இரண்டு வருடம் மல்லுக்கட்டியவளுக்குப் பெயர் தெரிந்ததே போதுமாக இருந்தது.

இதே நோயோடு இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கோதுமையை நிறுத்திவிட்டேன் என்று நீங்கள் நினைத்த நாளில் அது நின்றிருக்காது. சோறு, இட்லி, ராகிக் களி என்று மாறிய பிறகும் ஆறு வாரம் எனக்கு வயிறு அடங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் சமையலறை டப்பாக்களை எல்லாம் தரையில் இறக்கி, ஒவ்வொன்றின் மேலும் எழுதியிருப்பதைப் படித்தார். ரசத்துக்குப் போடுகிற பெருங்காய டப்பாவை என்னிடம் நீட்டினார். பொடி எழுத்தில் கோதுமை மாவு என்று இருந்தது. கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மைதா கலக்கிறார்கள் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. அன்றோடு பெருங்காயம் போனது. அடுத்த வாரம் ஒரு முழு வகுப்பை இடையில் வெளியே போகாமல் எடுத்தேன்.

அரிசி தின்கிற ஊரில் இந்த நோய்க்காரிக்கு என்ன குறை என்று பலர் கேட்டார்கள். வீட்டில் இருக்கிறவரை குறையே இல்லை. வெளியே போனால்தான் தெரியும். ஓட்டலில் தோசைக்குக் கடலைச் சட்னி, சாம்பாரில் பெருங்காயம், தாளிப்பில் கடலெண்ணெய். ஒவ்வொரு கோடையிலும் கணக்கு ஆசிரியர்களுக்குக் கோவையில், பீளமேட்டுக் கல்லூரி ஒன்றில், பத்து நாள் பயிற்சி நடக்கும். விடுதியில் தங்க வேண்டும். அதை முடித்தால்தான் மேல்வகுப்புகளுக்குப் பாடம் எடுக்க முடியும். இரண்டு வருடம் உடம்பைக் காட்டி விலகிவிட்டேன். மூன்றாவது முறையும் விலகினால் அந்த வகுப்புகள் வேறொருவருக்குப் போய்விடும் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். கெடாமல் கையில் எடுத்துப்போகிற மாதிரி எனக்கு ஓர் உணவு வேண்டியிருந்தது.

என் கணவரின் சித்தி மகள் இங்கிலாந்தில் நர்ஸ். அங்கே குளூட்டன் இல்லாத ரொட்டி, பிஸ்கட் எல்லாம் மருந்துக்கடையிலேயே கிடைக்கும் என்று எழுதி, ஒரு பார்சலும் அனுப்பினாள். பிரித்தபோது நாங்கள் இருவரும் குழந்தைகளாகிவிட்டோம். ரொட்டிக் கலவை ஒரு பெட்டி, வெற்றிடத்தில் அடைத்த ரொட்டி ஒன்று, பிஸ்கட் பாக்கெட் மூன்று.

ரொட்டிக் கலவையில் முட்டைப் பொடி இருந்தது. அதை ஒதுக்கினேன். வெற்றிட ரொட்டியில் எனக்கு ஆகாதது எதுவும் இல்லை. தின்று பார்த்தேன். தெர்மோகோல் போலிருந்தது. தண்ணீர் தெளித்துச் சுட்டால் ஈரத் தெர்மோகோல். மூன்றாவதாக ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்தேன். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் குளூட்டன் இல்லை என்று போட்டிருந்தது. அந்த எழுத்தைக் கண்ட சந்தோஷத்தில் பாக்கெட்டைத் திருப்பவே இல்லை. கேள்வியை முழுதாகப் படி என்று வருடம் முழுக்கப் பிள்ளைகளைத் திட்டுகிறவள் நான்.

இரண்டாவது கடியிலேயே உதடு சுணைத்தது. ருசி தெரிந்தது. முப்பது வருடமாகத் தொடாத அந்த ருசியை நாக்கு மறந்திருக்கவில்லை. கோதுமைக்குப் பதிலாகக் கடலை மாவு போட்டிருந்தார்கள், வேர்க்கடலை மாவு. தொண்டை உள்ளுக்குள் இறுகியது. கூப்பிடக் குரல் வரவில்லை. டம்ளரைக் கீழே தள்ளினேன். சத்தம் கேட்டு என் கணவர் ஓடி வந்தார். எஸ்டேட் ஜீப்பில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே தொடையில் அட்ரினலின் ஊசி (ஒவ்வாமையில் அடைபடும் மூச்சுக்குழாயைத் திறக்கும் மருந்து) போட்டார்கள். சில நிமிடத்தில் காற்று உள்ளே வந்தது. காற்றுக்கு எடை உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் என் போர்வையை இழுத்துவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “சரசு, இனி யாரோ செஞ்சு அனுப்பறது நமக்கு வேண்டாங்கண்ணு. நாமளே செஞ்சுபோடலாம்.”

அவர் நேராகப் போனது இப்ராகிம் பாயிடம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பேக்கரி வைத்திருப்பவர். கோவையில் கோட்டைமேட்டுக்காரர். நான் வருடக்கணக்காகப் பதினொரு மணிக்குத் தின்ற பன் அவர் கடையில் போட்டதுதான். தன் பன் எனக்கு நோயானது என்று கேட்டு அவருக்கு வருத்தம். கடையில் அடுப்பைத் துடைத்து எனக்குத் தனியாகச் செய்து தரலாமா என்று என் கணவர் கேட்டிருக்கிறார். அது ஆகாது, கடையில் காற்றிலேயே மைதா இருக்கிறது என்று அவரே மறுத்துவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். குளித்து, சலவைச் சட்டை போட்டிருந்தார்.

“கடைச் சட்டையோட வரலீங்க டீச்சர். அதுல பூரா மைதாவுங்க” என்றார்.

உள்ளே வந்து கையை முழங்கைவரை மறுபடி கழுவினார். துடைத்துக்கொள்ளச் சலவைத் துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

அரிசி மாவை மில்லில் அரைத்தால் கோதுமைத் தூசு சேரும் என்று வீட்டு மிக்ஸியில் அரைத்து வைத்திருந்தேன். ஜவ்வரிசியைப் பொடித்துக்கொண்டோம். கொஞ்சம் ராகி மாவு, தேங்காய் எண்ணெய், சர்க்கரை, உப்பு, ஈஸ்ட். எங்களிடம் வட்டமான அலுமினிய மின்னடுப்பு ஒன்று இருந்தது. முதல் வெள்ளி வந்தது செங்கல். இரண்டாவது வெள்ளி நன்றாக எழும்பி, மூடியைத் திறந்ததும் நடுவில் குழிந்தது. மூன்றாவது, எடுக்கும்போதே மண்ணாக உதிர்ந்தது. மைதாவில் மாவை இழுத்துப் பிடிப்பதே அந்தக் குளூட்டன்தான், அது இல்லாமல் பொங்குகிற காற்றைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை என்று பாய் விளக்கினார். முட்டை சேர்த்தால் பிடிக்கும். எனக்கு முட்டையும் ஆகாது. அவர் முகத்திலேயே முதல்முறையாகச் சந்தேகம் தெரிந்தது. பயிற்சிக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

நான்காவது வெள்ளிக்கிழமை அவர் வந்தபோது நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். சோற்று உணவுக்கு மாறிய பிறகு மலச்சிக்கல் வந்ததால் மருத்துவர் இசப்கோல் (ஒரு விதையின் உமி, தண்ணீரில் ஊறி வழவழப்பாகும்) எழுதிக் கொடுத்திருந்தார். அதை டம்ளரில் கலக்கிவிட்டுக் குடிக்க மறந்திருந்தேன். கூழாக இறுகி, ஸ்பூன் செங்குத்தாக நின்றது. பாய் அதை எடுத்துப் பார்த்தார்.

“ஏனுங்க டீச்சர், இதென்னுங்க பசையாட்டம்?”

மருந்து என்றேன். அனுமதி கேட்டுவிட்டு இரண்டு விரலால் கொஞ்சம் எடுத்து இழுத்தார். அறுபடாமல் நீண்டது. என்னையும் பார்க்கவில்லை, என் கணவரையும் பார்க்கவில்லை. விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதுதானுங்க நமக்கு வேணும்” என்றார்.

மாவில் அந்தக் கூழைப் பிசைந்தோம். முதல்முறையாக மாவு உருட்ட வந்தது. எட்டு உருண்டை. ஈரத்துணி மூடி வைத்தோம். ஒரு மணி நேரத்தில் உப்பியிருந்தன. அடுப்பில் வைத்துவிட்டு மூன்று பேரும் கண்ணாடித் துளை வழியே மாறி மாறிப் பார்த்தோம். வெந்து, வெளியே எடுத்து, ஆறி, அப்போதும் குழியவில்லை. பாய் ஒன்றைப் பிட்டார். உள்ளே பன்னுக்குரிய கண்ணறைகள் இருந்தன. முதல் துண்டை என்னிடம் நீட்டினார்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு பன் தின்றேன். கொஞ்சம் கனம்தான். ராகி வாசம் அடித்தது. ஆனால் மென்றேன், அது மெல்ல வந்தது, விழுங்கினேன், ஒன்றும் ஆகவில்லை. என் கணவர் ஒன்று தின்றார், இன்னொன்றுக்குக் கை நீட்டினார். அது தீர்ந்துபோய்விடும் என்று நான் தட்டிவிட்டேன். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அந்த வலிக்கு மட்டும் காரணம் தெரிந்திருந்தது.

அந்தக் கோடையில் பயிற்சிக்குப் போனேன். இரண்டு எவர்சில்வர் டப்பாவில் ரஸ்க் போல வாட்டி எடுத்த பன் துண்டுகள், ஒரு பாட்டில் தேங்காய்ப் பொடி. விடுதியில் சோறும் தயிரும் வாங்கிக்கொள்வேன், மற்றதைத் தொட மாட்டேன். ஆறாம் நாள் என் பக்கத்தில் உட்கார்ந்த ஈரோட்டு டீச்சர் ஒரு துண்டு கேட்டு வாங்கித் தின்றுவிட்டு, எந்தக் கடையில் வாங்கியது என்று விசாரித்தார். பத்து நாளும் ஒரு வகுப்பைக்கூட விடவில்லை. தேர்வில் முதல் ஐந்து பேரில் நானும் ஒருத்தி.

பயிற்சி முடிந்த மறுநாள், கோவையில் இருக்கும்போதே, மறுபடி எண்டோஸ்கோபி செய்துகொண்டேன். முடிவு வந்ததும் மருத்துவர் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முதல் படத்தில் வழித்துவிட்ட களம். இரண்டாவதில் பயிர் நின்றது.

இவ்வளவு சேதம் மருந்தே இல்லாமல் எப்படிச் சரியாகும் என்று கேட்டேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்: “கொடலோட உள்தோல் மூணு நாலு நாளைக்கு ஒருக்கா புதுசாகிப்போடுமுங்க டீச்சர். நாம கெடுக்காம இருந்தாப் போதும்.”

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு நாள்கணக்கு மாறிவிட்டது. முன்பெல்லாம் உடம்பு போன வருடங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். மாதவிலக்கு திரும்பியது, பத்து கிலோ திரும்பியது, முடி முழுதாகத் திரும்பவில்லை. போன வருடங்கள் போனவைதான். இப்போது எனக்கு முப்பத்தேழு வயது. கண்ணாடியில் தெரிகிற முகம் அந்த வயதைச் சரியாகவே காட்டுகிறது. ஆனால் நான் இன்று மதியம் தின்ற சோற்றை வாங்கிக்கொண்ட தோல் இந்த வாரம் பிறந்தது. பழைய சண்டை எதுவும் அதற்குத் தெரியாது. பசிக்கும்போது அதற்குப் பயமில்லாமல் போடுகிறேன்.