ஹதியா என்று எழுதிய உறைகள்

என் மேசை இழுப்பறையில் ஒரு வெறும் கடித உறை கிடக்கிறது. மேலே ‘ஹதியா’ என்று எழுதியிருக்கிறது. எழுத்து என்னுடையது. கிழித்துப் போட மனம் வரவில்லை, பார்க்கவும் பிடிக்கவில்லை.

கல்முனைப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றில் நான் கணக்காளன். சம்பளத்திலேயே வருமான வரியை வெட்டிக் கட்டவேண்டும் என்று வந்தபோது, அதைக் கணினியில் ஏற்றும் வேலை என் தலையில் விழுந்தது. வரி எல்லையைத் தாண்டிச் சம்பளம் வாங்கியவர் எங்களிடம் ஒரே ஒருவர், தலைமை மெக்கானிக். அண்ணன் முறைக்குக் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஆலையின் சத்தத்தை வைத்தே பழுது எங்கே என்று சொல்லிவிடுகிற மனிதர், எண்ணெய்க் கையைத் துடைத்தபடி என் முன்னால் வந்து நின்றார்.

“தம்பி, மகளுக்கு வீடு கட்டிட்டு இரிக்கன். இப்ப வெட்டினா கொங்றீட் வேலை அப்பிடியே நிண்டிரும்.”

எங்கள் ஊரில் மகளுக்கு வீடில்லாமல் கல்யாணம் ஏது? முதலாளி ஹாஜியார்தான் வழி சொன்னார். “சம்பளத்தப் பாதியா எழுதுங்க. மிச்சத்த மாசா மாசம் நான் ஹதியாவாக் குடுக்கிறன். அன்பளிப்புத்தானே, பொய்யுமில்ல, ஹறாமுமில்ல.” காக்கா கண் கலங்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இனி ஓய்வுகாலத்துக்கு முதலாளி போடவேண்டிய சேமலாப நிதியும் பாதிச் சம்பளத்துக்குத்தான் கட்டப்படும், அதில் மிச்சம் பிடிப்பவர் ஹாஜியார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும், காக்காவுக்குத் தெரியாது. நான் வாயைத் திறக்கவில்லை. வேலை போயிருக்கும் என்று இன்றும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன், வெட்கம் கெட்டவன்.

மாதா மாதம் மிச்சக் காசை உறையில் போட்டு, மேலே ‘ஹதியா’ என்று நானே எழுதிக் கொடுத்தேன். வீடு முடிந்தது, கல்யாணமும் நடந்தது. அடுத்த வருடமே காக்கா நெஞ்சுவலியில் மௌத்தானார். அவர் மனைவி, என் மதினி, கணவனை இழந்தவர்கள் வெளியே வராதிருக்கும் இத்தாவில் இருந்ததால் சேமலாப நிதிப் படிவங்களை நானே கொண்டுபோனேன். திரைக்குப் பின்னாலிருந்து தொகையைக் கேட்டார். சொன்னேன். “இவ்வளவுதானா?” என்றார். பிறகு திரைக்குக் கீழால் ஒரு கட்டு உறைகள் நகர்ந்து வந்தன. ஒன்றையும் வீசாமல் காக்கா கட்டி வைத்திருக்கிறார்.

“இதும் அவர்ர சம்பளந்தானே தம்பி? உங்கட எழுத்துத்தான் இரிக்கே. இத நிதி ஒபிஸ்ல காட்டினாக் காணாதா?”

கொண்டுபோய் ஹாஜியாரிடம் காட்டினேன். கட்டைப் புரட்டிப் பார்த்தார். “ஹதியாவுக்கு ஆராவது கணக்குக் கேப்பாங்களா?” என்றவர், நெல் அவிக்கும் உமி அடுப்பில் போடச் சொன்னார். போட்டேன். ஒன்றை மட்டும் எடுத்து வைத்தேன்.

இப்போதைய மெக்கானிக்குக்கு வரியைச் சரியாக வெட்டுகிறேன். ஈரமில்லாதவன் என்று திட்டுகிறார், திட்டட்டும். மகள் வீட்டுப் பின்னறையில் ஒதுங்கிக் கிடக்கும் மதினி, வழியில் கண்டால் இன்னும் கேட்கிறார்: “அந்த உறையெல்லாம் காட்டினீங்களா தம்பி?”

“ஓம் மதினி, காட்டினன்” என்கிறேன். பொய்யுமில்லை.