செம்பரம்பாக்கம் ஏரியில் ஆறு பிளேட்டு

போட்டோ பிடிக்கிற தொழிலில் இருக்கிறவர்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லிவிடப் போவதில்லை: காமிராவைத் தூக்கிக்கொண்டு போய் நின்றால், அதுவரைக்கும் மனுஷனாக இருந்தவன் விறைத்துக்கொள்கிறான். இந்த இம்சையை அனுபவித்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அனுபவிக்காதவர்கள் பாக்கியசாலிகள், பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போகலாம்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். பூந்தமல்லியில் எனக்கு ஒரு சின்ன ஸ்டூடியோ. ஸ்டூடியோ என்று பேர்தானே தவிர, பிழைப்பெல்லாம் எழவு வீட்டில்தான். எங்கள் பக்கத்து ஜனங்கள் உயிரோடு இருக்கும்போது படம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், ஆயுசு குறைந்துவிடுமாம். போன பிறகு நாற்காலியில் சாத்தி உட்கார வைத்து, தலை சாயாமல் துண்டால் கட்டி, சுற்றிக் குடும்பம் நின்று ஒரு படம். திருமழிசையிலிருந்து வெள்ளானூர் வரைக்கும் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கல்யாணத்துக்கு ஒருத்தனும் கூப்பிட மாட்டான். என் சொந்த மச்சினி கல்யாணத்துக்கே என் மாமனார் பட்டணத்திலிருந்து வேறு ஆளை வரவழைத்தார். எனக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்கள்!

அப்போதுதான் மீன் சம்பந்தப்பட்ட ஒரு பட்டணத்து ஆபீஸிலிருந்து ஒருத்தர் வந்தார். செம்பரம்பாக்கம் ஏரியில் குத்தகைக்கு மீன் பிடிக்கிற படகுகளில் அன்றாடம் நடக்கிற வேலையைப் படம் எடுத்துத் தரவேண்டும், பொருட்காட்சியில் வைக்கப் போகிறார்கள் என்றார். ஒருத்தரும் காமிராவைப் பார்க்கக் கூடாதாம். படம் பதிகிற கண்ணாடிப் பிளேட்டு ஆறு கொடுத்தார். யுத்த காலத்தில் பிளேட்டு குதிரைக்கொம்பு, ஏழாவது கிடையாது. இந்தப் படங்கள் ஒழுங்காக வந்தால், உயிருள்ள மனுஷர்களையும் இவன் எடுப்பான் என்று ஊருக்குத் தெரியும். எப்பாடு பட்டாவது எடுத்தே தீருவது என்று முடிவு கட்டிவிட்டேன்.

நல்ல வரவேற்பு

காமிராப் பெட்டியையும் மூன்று கால் ஸ்டாண்டையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். கரையோரம் பெரிய படகு ஒன்றில் ஐந்து பேர் வலையை உதறிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தன் என்னைப் பார்த்த மாத்திரத்தில் தொபுக்கட்டீர் என்று தண்ணீரில் குதித்துப் படகுக்கு மறுபக்கம் போய் ஒளிந்துகொண்டான். அவன் பேர் சடையன். போன மாசம் அவனுடைய மாமனாரை நாற்காலியில் கட்டிவைத்துப் படம் எடுத்தவன் நான்தான்.

சடையனின் தம்பி முனுசாமிதான் அந்தப் படகுக்குப் பெரிய ஆள். என் வயசுதான் இருக்கும். கரைக்கு வந்து, தலைப்பாகையை அவிழ்த்து, ரொம்ப மரியாதையாகவே சொன்னான்:

"எங்க ஊட்ல எல்லாரும் நல்லாத்தான் கீறாங்க, அண்ணாத்தே. வேற ஊடா பாரு."

மாப்பிள்ளைக் கோலம்

குத்தகைக்காரரிடம் சொல்லி மிரட்டி எடுத்திருக்கலாம். மிரண்ட மூஞ்சிகள் எனக்கு எதற்கு? அதைத்தான் வருஷக்கணக்கில் எழவு வீட்டில் எடுத்தாயிற்றே. நாலு நாள் நடையாய் நடந்தேன். கடைசியில் முனுசாமி மனசு இரங்கி, திங்கட்கிழமை வரச் சொன்னான்.

போனால், ஐயையோ, தலையில் கையை வைத்துக்கொண்டேன். நாலு பேரும் எண்ணெய் வழிய வழிய வாரி, நெற்றி நிறைய விபூதியோடு, சலவைச் சட்டையில் நிற்கிறார்கள். முனுசாமி அந்த வெயிலில் யாருடையதோ ஒரு கோட்டு வேறு மாட்டியிருந்தான். படகில் ஜமுக்காளம் விரித்திருந்தது. வலையைக் காணோம், நாற்றம் அடிக்கிறது என்று புதருக்குப் பின்னால் கடாசிவிட்டார்களாம். சடையனுக்கு மட்டும் காய்ச்சல் என்றார்கள். அந்தக் காய்ச்சல்காரன் ஆலமரத்தடியில் நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தான்.

அவர்கள் ஆசையைக் கெடுக்க மனசு வராமல் ஒரு பிளேட்டை அந்தக் கோலத்துக்கே செலவழித்தேன். அப்புறம் மெதுவாக, "சட்டையைக் கழற்றிவிட்டு வேலையைப் பாருங்களேன், அதைத்தான் எடுக்க வேண்டும்" என்றேன். முனுசாமிக்கு வந்ததே கோபம்!

"நல்லா கீதே ஞாயம்! தெனம் செய்யறது போதாதுன்னு போட்டோவுல கூட வேலையே செய்யணுமா?"

ஒரு சொல் செய்த வேலை

இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. தொழில் பண்ணுகிறவர்கள் என்னை மன்னிப்பீர்கள். எத்தனையோ வருஷமாகப் பிளேட்டைச் சொருகியதும் வாய் தானாக ஒன்று சொல்லும் இல்லையா? அதுதான் என்னைக் கவிழ்த்தது.

மறுநாள் முனுசாமி என்னைப் படகில் ஏற்றிக்கொண்டான். நடு ஏரியில் வலையைச் சுருக்கி இழுக்கிறார்கள். உள்ளே விராலும் கெண்டையும் கொந்தளிக்கிறது. நாலு முதுகும் வெயிலில் பளபளக்கிறது. ஆஹா, இதுதானடா படம் என்று கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை எடுத்தவன், பழக்க தோஷத்தில், "அசையாதீங்க!" என்று ஒரு கத்துக் கத்தினேன். பாவம், நல்ல மனுஷர்கள். இழுத்த கை இழுத்தபடி நாலு பேரும் சிலையாக நின்றுவிட்டார்கள். வலை தொய்ந்தது. மேல் கயிறு தண்ணீரில் முங்கியது. அன்றைய மீன் பூராவும் எங்கள் கண்ணெதிரே வெளியே போயிற்று. நான் வேறு பதற்றத்தில் காமிராவின் ரப்பர் பந்தை அமுக்கி ஒரு பிளேட்டைப் பாழாக்கினேன். அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். முனுசாமி வெறும் வலையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"எங்கள நிக்கச் சொன்ன, நின்னோம். மீன யாரு நைனா நிக்கச் சொல்றது?"

பத்து நாள்

பாக்கி நாலு பிளேட்டு. வேறு யாராக இருந்தாலும் மூட்டையைக் கட்டியிருப்பார்கள். நான் பிளேட்டுகளை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு, வெறும் காமிராவோடு தினமும் விடிந்ததும் படகில் ஏறினேன். ஸ்டாண்டை நிறுத்துவேன், துணிக்குள் தலையை விடுவேன், வெளியே எடுப்பேன். மற்ற நேரத்தில் தகர டப்பாவால் படகுத் தண்ணீரை இறைப்பேன். இரண்டு தரம் தவறி ஏரியில் விழுந்தேன். அதற்கப்புறம் என்னைப் பார்த்து அவர்கள் விறைப்பது நின்றது. சிரித்துச் சிரித்து அலுத்துவிட்டது போலிருக்கிறது.

ஐந்தாம் நாள் ஆள் போதாமல் சடையனும் படகேறினான். என்னைப் பார்க்காமலே உட்கார்ந்திருந்தவன், கொஞ்ச நேரத்தில் மெள்ள நெருங்கி, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டான். திறந்து காட்டினேன். காலி.

"ஒண்ணுமே இல்லாத பொட்டிய தெனம் தூக்கிகினு வரியே, உனுக்கு வேற வேலவெட்டி இல்லியா?"

சடையன் சிரித்தது

பதினோராம் நாள் பிளேட்டோடு போனேன். ஒருத்தரிடமும் சொல்லவில்லை. தப்புதான், தெரிந்தே செய்தேன். வலை தூக்கினதை, மீன் பிரித்ததை, படகிலேயே உட்கார்ந்து கூழ் குடித்ததை என்று மூன்று படம் எடுத்தாயிற்று. கடைசி பிளேட்டுக்கு வலை மறுபடி மேலே வந்தபோது, கை நீளத்துக்கு ஒரு விரால் துள்ளி முனுசாமியின் கன்னத்தில் பளாரென்று விட்டது. கயிற்றை இழுத்துக்கொண்டிருந்த சடையன் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு! நான் வாயைத் திறக்கவில்லை. பந்தை அமுக்கினேன்.

நாலு படமும் பொருட்காட்சிக்குப் போயிற்று. ஆனால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சடையன் படத்தை இன்னொன்று அச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்கே போய், "சொல்லாமல் எடுத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே" என்று கையில் கொடுத்தேன். கிழித்துப் போடுவான் என்றுதான் நினைத்தேன். இப்படித் திருப்பினான், அப்படித் திருப்பினான்.

"நான் சிரிச்சா இப்பிடியா கீது? இத்தினி நாளா ஒருத்தனும் சொல்லவேயில்லியே!"

கூப்பிட்ட காரணம்

மூன்று மாசம் கழித்து படகுக்காரர்களில் ஒருத்தர் ஸ்டூடியோவுக்கு வந்தார். சடையன் மஞ்சள் காமாலையில் போய்விட்டான், முனுசாமி உங்களை உடனே வரச் சொன்னான் என்றார். படம் பிடித்ததால்தான் போனான் என்று சொல்வார்களே! என் மனைவி வாசலை மறித்துக்கொண்டு போக வேண்டாம் என்று அழுதாள். சொல்லாமல் எடுத்தவன் நான், பேச்சு வாங்க வேண்டியவனும் நான்தான் என்று கிளம்பினேன். எழவு வீட்டிலிருந்து கூப்பிட்டால் வேறு எதற்காக இருக்கும் என்று காமிராவையும் எடுத்துக்கொண்டேன்.

வீட்டு வாசலில் கூட்டம் என்னைப் பார்த்ததும் விலகி வழி விட்டது. உள்ளே நாற்காலி எதுவும் போட்டிருக்கவில்லை. சடையனைப் பாயில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் விளக்கு, பக்கத்தில் சுவரோடு சாய்த்து நான் கொடுத்த படம். முனுசாமி எழுந்து வந்தான். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. என் கையிலிருந்த பெட்டியை வாங்கி ஓரமாக வைத்தான்.

"இதுக்குக் கூப்புடல அண்ணாத்தே, எங்கண்ணன் சிரிச்சிகினு கீற படம் ஊட்லயே கீது. நீயும் அவங்கூட படகுல இருந்தவன்தானே, வா, வந்து தோள் குடு."

சுவரோரம் அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு எங்கள் பக்கத்து ஜனங்கள் ஆயுசு இருக்கும்போதே ஸ்டூடியோவுக்கு வர ஆரம்பித்து, எழவு வீட்டு அழைப்பெல்லாம் நின்றுபோய், பேர் போன ஒரு தொழிலை நானே என் கையால் கெடுத்துக்கொண்டேன் என்று என் மாமனார் இன்றைக்கும் வருத்தப்படுகிறார்.