தனித்தனியாகக் கேட்டது

கணவனையும் மனைவியையும் சேர்த்து உட்கார வைத்துக் கேட்கக் கூடாது என்பது எங்கள் ஆய்வின் முதல் விதி. சேர்ந்து உட்கார்ந்தால் ஒருவர் பேசுவார், மற்றவர் தலையாட்டுவார். யார் பேசுவார், யார் தலையாட்டுவார் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

நான் தருமபுரியில் இருக்கிறேன். ஒரு கல்லூரியின் சமூகவியல் துறை முதியவர்களைப் பற்றிச் செய்துவந்த ஆய்வுக்காக ஊர் ஊராகப் போய்ப் பேட்டி எடுப்பது என் வேலை. வயதான காலத்தில் யார் பார்த்துக்கொள்கிறார்கள், நோய் முற்றினால் எங்கே இருக்க விரும்புகிறார்கள், பேச்சு நின்றுபோனால் அவர்களுக்காக யார் முடிவெடுக்க வேண்டும் என்றெல்லாம் கேட்போம். சாவு என்று நேராகச் சொல்லாமல் ‘கடைசிக் காலம்’ என்று சொல்லும்படி பேராசிரியர் எங்களிடம் சொல்லியிருந்தார். நான் தயங்கித் தயங்கி அந்த இடத்துக்கு வருவதற்குள் பெரியவர்களே முந்திக்கொள்வார்கள். “சாவறதப் பத்தித்தானே கேக்க வந்த? கேளு கண்ணு.”

மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் ஒரு தக்காளித் தோட்டத்தில்தான் அந்தத் தம்பதியைப் பார்த்தேன். பெரியவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. அந்த அம்மாவுக்குச் சில வயது குறைவு. ஒரே மகன், பிக்கப் வண்டியில் பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிப் போகிறவர், மனைவியோடு அதே வீட்டில் இருந்தார். குறையொன்றும் இல்லாத குடும்பம்.

முதலில் பெரியவரிடம் பேசினேன். சில வருஷங்களுக்கு முன்னால் அவருக்குச் சேலத்தில் இருதய ஆபரேஷன் ஆகியிருந்தது. அந்த ஆஸ்பத்திரி வாசமே இன்னும் மூக்கில் இருக்கிறது என்றார்.

“இனிமே அந்தப் பக்கம் போக மாட்டேன். நம்ம வூட்ல, நம்ம கட்டில்ல போய்ச் சேரணும். மூக்குல கொழாய் வெக்கறது, கையக் கட்டிப் போடறது, அதெல்லாம் ஆவாது.”

“அம்மாவுக்கு எப்படின்னு பேசியிருக்கீங்களாங்க?”

“அவளுக்கு என்ன தனியா? எனக்கு எதுவோ அதுதான் அவளுக்கும்.”

அடுத்து அந்த அம்மாவிடம் போனேன். வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து அவரைக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தார். நீங்கள் சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டோம், வீட்டுக்காரரிடமும் சொல்ல மாட்டோம் என்று வழக்கம்போல ஆரம்பித்தேன். அவர் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“எனக்கு ஆஸ்பத்திரிக்குப் போவணும் கண்ணு.”

எனக்குப் புரியவில்லை. உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இப்ப இல்ல. கடைசில. அவருக்கு ஆபரேஷன் பண்ணப்ப நாந்தான் கூட இருந்தேன். அவரு மேல கட்டில்ல, நான் கீழ தரைல. சுச்ச அமுக்குனா அந்தக் கட்டிலு தலமாட்டுல தானா ஏந்திரிக்கும். நர்சு வந்து, ‘சாப்டீங்களா, தூங்குனீங்களா, வலிக்குதா’ன்னு கேப்பாங்க. அவரத்தான். நான் பாத்துக்கினே இருப்பேன். எனக்குப் பிரசவம்கூட இந்த வூட்லதான். காச்சல்னு ஒரு நா கட்டில்ல படுத்ததில்ல. ஒரு தடவையாச்சும் என்னைய மேல படுக்க வெச்சு யாராச்சும் கேக்கணும். என்ன பண்ண முடியுமோ அத்தனையும் பண்ணிப் பாக்கணும். வயசாயிருச்சுன்னு வுட்ரக் கூடாது.”

அவரைத் தோலை முந்தானையிலிருந்து உதறிவிட்டு, “இதப் போய் அவருகிட்ட சொல்லிராதீங்க. சிரிப்பாரு” என்றார்.

சொல்ல மாட்டேன் என்றேன். திரும்பி வரும் பஸ்ஸில் மனம் முழுக்க ஒரு குதூகலம். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நாற்பது வருஷத்துக்கு மேல் ஒன்றாக வாழ்ந்த இருவர், இரண்டு நேர் எதிரான ஆசைகள், ஒருவருடையது மற்றவருக்குத் தெரியாது. இப்படியொரு பேட்டி கிடைப்பது அபூர்வம். பேராசிரியரிடம் சொன்னபோது அவரும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சில மாதங்கள் கழித்து எல்லாக் குடும்பங்களையும் மறுபடி ஒரு முறை பார்க்க வேண்டும் என்பது ஆய்வின் ஏற்பாடு. மழைக்காலம் முடிந்து அங்கே போனேன். தோட்டத்தில் யாரும் இல்லை. வீட்டு வாசலில் தக்காளிக் கூடைகள் காலியாகக் கிடந்தன. உள்ளே அந்த அம்மா பாயில் படுத்திருந்தார். கால்கள் வீங்கி, முகம் உப்பி, வேறு யாரோபோல் இருந்தார்.

இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டதாம். டயாலிசிஸ் செய்தால் கொஞ்ச காலம் இருக்கலாம், ஆனால் இருதயமும் பலவீனமாக இருப்பதால் உடம்பு தாங்குமா என்று சொல்ல முடியாது, யோசித்து முடிவெடுங்கள் என்று தருமபுரியில் டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். பெரியவர் யோசிக்கவே இல்லை.

“வேண்டாம்னுட்டேன்மா. இந்த வயசுல அவளக் குத்திக் கொடஞ்சு எதுக்கு? கூடவே இருந்து பாத்துக்கறேன். நாங்க ரெண்டு பேரும் எப்பவோ முடிவு பண்ணதுதான்.”

அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினார். மனைவியின் காலடியில் உட்கார்ந்து, வீங்கிய பாதத்தை மடியில் வைத்து மெல்லத் தடவிக்கொண்டேதான் சொன்னார். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு என்னால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்ப் பேராசிரியருக்குப் போன் செய்தேன்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, “அந்தம்மா நம்மள நம்பிச் சொன்னது. நாம சொல்ல முடியாது. அவர அந்தம்மாகிட்டயே கேக்கச் சொல்லலாம். அதுவரைக்கும்தான் நாம போலாம்” என்றார்.

உள்ளே வந்து, “அம்மாகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன்” என்றேன்.

பெரியவர் மனைவியின் பக்கம் குனிந்தார். “என்ன, ஆஸ்பத்திரிக்கெல்லாம் வேண்டாந்தானே? வூட்லயே இருந்துக்கலாம்ல?”

இப்படி ஒரு கேள்வியை எப்படிக் கேட்கக் கூடாது என்பதற்குத்தான் எங்களுக்கு ஒரு வாரம் பயிற்சி கொடுத்திருந்தார்கள். அந்த அம்மா அவரைப் பார்த்தார், வாசலில் நின்ற மகனைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

“உங்க இஷ்டம்” என்றார்.

பெரியவர் மாத்திரை வாங்கக் கடைவீதிக்குக் கிளம்பியதும் நான் பாய்க்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “ஏம்மா சொல்லல?” என்று கேட்டேன்.

“அவ்வளவு பேரு நிக்கறப்ப எப்படிச் சொல்றது?” மூச்சு வாங்கியது. “நீங்க அப்பவே சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன்.”

“சொல்ல வேண்டான்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?”

“ஆமா, சொன்னேன்.” என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “பொம்பள வேற எப்படிச் சொல்லுவா?”

இத்தனை வீடுகளில் இத்தனை பெண்களிடம் கேட்டிருந்தும், எனக்கு அது தெரியாமல் போயிருந்தது. நான் எழுந்து வெளியே போய் மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விதி, வாக்கு, பேராசிரியர் சொன்னது எதுவும் அப்போது மனதில் நிற்கவில்லை. மகன் பிக்கப் வண்டியில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டார். முடிவில், “எங்கம்மாவா மேடம்? கட்டில் வேணும்னா சொன்னாங்க?” என்று மட்டும் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவியை எடுக்க உள்ளே போனார். அப்பாவிடம் அவர் என்ன சொன்னார், எப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. பெரியவர் திரும்பி வருவதற்குள் நான் பஸ் ஏறிவிட்டேன்.

மறுநாளே சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். இரண்டு தடவை டயாலிசிஸ் ஆன பிறகு நான் பார்க்கப் போனேன். வீக்கம் வடிந்து முகம் தெளிந்திருந்தது. என்னைக் கண்டதும் பக்கத்திலிருந்த சுவிட்சைத் தேடி அமுக்கினார். கட்டிலின் தலைமாடு மெதுவாக மேலே வந்தது, அவரும் அதோடு மேலே வந்தார்.

“பாத்தீங்களா? நானேதான் அமுக்கறேன். காலைல வந்த நர்சு என்னைய அம்மா அம்மான்னுதான் கூப்புடுது.”

கட்டிலுக்குக் கீழே தரையில் ஒரு பாய் விரித்திருந்தது. பெரியவர் அதில் உட்கார்ந்திருந்தார். நான் வணக்கம் சொன்னதற்கு அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பாயைச் சுருட்டிச் சுவரோரம் வைத்துவிட்டு, டீ வாங்கி வருகிறேன் என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போனார். நான் கிளம்பும்வரை அவர் வரவில்லை. அந்த அம்மா அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. இட்லி நன்றாக இருக்கிறது, சாம்பாரில்தான் உப்பு இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் செய்தது சரிதான் என்று மாடிப்படி இறங்கும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த டயாலிசிஸின்போது ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. ஐசியுவுக்கு மாற்றினார்கள். மூக்கில் குழாய் வைத்தார்கள், அதைப் பிடுங்காமலிருக்கக் கையைக் கட்டினார்கள். காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்பது அங்கே விதி. அதில் தவறு சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே இன்னும் எத்தனையோ பேர் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார்கள். காலையில் பெரியவர் பார்த்துவிட்டு வந்தார். மாலையில் மகன் போவதாக இருந்தது. நடுவில், மதியத்தில், அந்த அம்மா இறந்துபோனார். பெரியவர் அப்போது கதவுக்கு வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார் என்று மகன் போனில் சொன்னார்.

காரியம் முடிந்த பிறகு துக்கம் கேட்கப் போனேன். போகாமல் இருக்க என்னென்னவோ காரணம் தேடிப் பார்த்தும், ஒன்றும் அகப்படாமல்தான் போனேன். பெரியவர் வேலியோரம் சொட்டுநீர்க் குழாயைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வேலையை நிறுத்திவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

“வாம்மா. தண்ணி குடிக்கறியா?”

வேண்டாம் என்றேன். மன்னித்துவிடுங்கள் என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனதப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. வூட்ல இருந்தாலும் போயிருப்பா. என் கையப் புடிச்சுக்கினு போயிருப்பா, அவ்வளவுதான் வித்தியாசம். நாலு நாளு சந்தோஷமா இருந்தா, அதையும் பாத்தேன்.” கையில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டார். “எனக்கு ஒண்ணுதாம்மா. இத்தன வருஷத்துல இத எங்கிட்ட அவ சொல்லல. நான் கேட்டப்பவும் சொல்லல. மொத மொத வந்த உங்கிட்ட சொல்லியிருக்கா.”

“நீங்க சிரிப்பீங்கன்னு...” என்று நான் இழுத்தேன்.

சொல்லியிருக்கவே கூடாத வார்த்தை. அவருடைய முகம் மாறியது எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

“சிரிப்பேன்னா சொன்னா?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வேலியோரக் குழாயைப் பார்த்துக்கொண்டு, “சிரிச்சிருப்பேன்தான்” என்றார் அவர்.

பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே வந்தார். ஓசூரிலிருந்து வரும் பஸ் தூரத்தில் தெரிந்தபோது, அதுவரை என்னை ஒருமையில் பேசிக்கொண்டிருந்தவர் மரியாதைக்கு மாறினார்.

“கோவம் ஒண்ணும் இல்லீங்க. ஆனா இனிமே வராதீங்க. உங்களப் பாத்தா எனக்கு அவ ஞாபகம் வரல. அவ எங்கிட்ட சொல்லாததுதான் ஞாபகம் வருது.”

பேராசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. பேட்டி எடுத்தவரே குறுக்கிட்டுவிட்டதால் அந்தத் தம்பதியின் பதில்களை ஆய்வில் சேர்க்க முடியாது என்று மட்டும் சொன்னார். அதுதான் முறை, எனக்கும் தெரியும். ஆனால் அதனால் அந்த அம்மாவின் ஆசை எங்கள் ஆய்வில் ஒரு வரியாகக்கூட இல்லாமல் போனது. அவர் யாரோ ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லியும், கணக்கில் சொல்லாதவராகவே ஆகிவிட்டார்.

அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தால், பெரியவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்திருப்பார், ‘அவளும் நானும் ஒரே மனசு’ என்ற நம்பிக்கையோடு மிச்சக் காலத்தைக் கழித்திருப்பார். பேசியதால் அந்த அம்மா சில நாள் கட்டிலில் மேலே படுத்திருந்தார். இரண்டில் எது பெரியது என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். அந்த அம்மாவின் பக்கம் நின்று பார்த்தால் இன்னும் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. பெரியவரை நினைத்தால் சொல்லியே இருக்கக் கூடாது.

இப்போதும் அதே வேலைதான். பென்னாகரம் பக்கம் அனுப்பியிருக்கிறார்கள். யாராவது பெண்கள் குரலைத் தாழ்த்தி, “இத எங்கூட்ல சொல்லிராதீங்க” என்று சொன்னால் எனக்கு அடுத்த கேள்வி மறந்துபோகிறது. சொல்லவா வேண்டாமா என்று திருப்பிக் கேட்டுவிடுகிறேன். சிலர் பயந்துபோய்ப் பேச்சையே நிறுத்திவிடுகிறார்கள். பேராசிரியருக்கு இது தெரியாது.

என் அம்மா தருமபுரியிலேயே அண்ணன் வீட்டில் இருக்கிறார். அவரிடம் இந்தக் கேள்விகளில் ஒன்றைக்கூட நான் இன்னும் கேட்கவில்லை.

போன மாதம் அந்த மகன் போன் செய்தார். அம்மாவுக்கு வருஷத் திதி வருகிறது, நீங்கள் வந்தால் நன்றாக இருக்கும் அக்கா என்றார். மேடம் அக்காவாகியிருந்தது.

“அப்பா கூப்பிடச் சொன்னாரா?” என்று கேட்டேன்.

“இல்லக்கா. நாந்தான் கூப்புடறேன்.”

அன்றைக்கு எனக்கு வேலை இருக்கிறது என்றேன். பரவாயில்லை என்று சொல்லிக் கொஞ்ச நேரம் போனை வைக்காமல் இருந்தார். நானும் வைக்கவில்லை. அப்பா நன்றாகச் சாப்பிடுகிறாரா என்று கேட்டேன். சாப்பிடுகிறார் என்றார்.

அன்றைக்கு எனக்கு வேலை எதுவும் இல்லை.