வெம்பக்கோட்டை அணைக்குள் ஏழு மரங்கள்

சாத்தூர்ப் பக்கம் ஒரு தீப்பெட்டிக் கம்பெனி ஆபீசில் எனக்கு வேலை. அதே கம்பெனியில் பெட்டி அடைக்கிற வேலை என் அம்மாவுக்கு. நான் ஃபேனுக்குக் கீழே, அவள் தகரக் கூரைக்குக் கீழே. போன வருஷம் ஐரோப்பாவில் எங்கள் தீப்பெட்டியை வாங்குகிறவர்களிடமிருந்து ஒரு மெயில் வந்தது. காட்டை அழித்து வெட்டிய மரம் இனி அவர்கள் எல்லைக்குள் நுழையக்கூடாதாம். விதி வருவதற்கு முன்பே நாங்கள் தயாராகிவிட வேண்டுமாம். குச்சிக்கான மரம் பூமியில் எந்த இடத்தில் நின்றது என்று எழுதிக் கொடுத்தால்தான் லோடு கப்பல் ஏறும். அம்மா இருந்த பிரிவு முழுக்க அந்த ஒரு ஆர்டரை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

உரசினால் நாலு விநாடியில் கரியாகிற குச்சிக்கு ஜாதகம் கேட்கிறார்கள்! எனக்கு வந்த எரிச்சலில் அந்த மெயிலையே கொளுத்தியிருப்பேன்.

எங்களுக்கு மரம் வருவது கேரளத்திலிருந்து. அங்கே காடும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. வீட்டுக் கொல்லையில் நிற்கிற மரத்தை ஒவ்வொன்றாக விலை பேசி வெட்டுவார் மரக்காரர். வெட்டின வீடுகளுக்கெல்லாம் மறுபடியும் போய் லொக்கேஷன் அனுப்பச் சொன்னோம். முதல் நாள் மனிதர் லைவ் லொக்கேஷனைப் போட்டுவிட்டார். எங்கள் மரம் பஸ் ஏறி, டீக்கடையில் இறங்கி, பத்து நிமிஷம் நின்று, மறுபடியும் கிளம்பிப் போனது. திட்டிய பிறகு ஒழுங்காக இருநூறு கொல்லைகளின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை அனுப்பினார்.

பட்டியலை முதலாளியிடம் கொண்டுபோனேன். அவருக்கு எட்டு ஆகாது. பில் நம்பர், லாரி நம்பர், போன் நம்பர், எதைக் கூட்டினாலும் எட்டு வரக்கூடாது. எட்டு வந்ததென்று புது லாரியையே திருப்பி அனுப்பியவர்.

"கூட்டிப் பாத்தியாத்தா?"

"அண்ணாச்சி, இது மரம் நிக்கிற இடம்."

"எதுவா இருந்தா என்ன? எட்டைக் கப்பல்ல ஏத்தி அனுப்பவா? ஒண்ணைக் கூட்டி ஒம்பது ஆக்கிரு."

கூட்டிப் பார்த்தேன். இருபத்தோரு வரியில் எட்டு. புள்ளிக்குப் பின்னால் இருந்த இலக்கங்களில் கைவைக்கப் பயமாக இருந்தது; மரத்தைச் சரியாகக் காட்டுவது அவைதான் என்று நினைத்தேன். முன்னால் இருந்த எழுபத்தாறு எல்லா வரியிலும் ஒரே மாதிரி சும்மாதானே நிற்கிறது? இருபத்தோரு இடத்திலும் அதை எழுபத்தேழு ஆக்கினேன். வேலை சுத்தமாக முடிந்ததில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

பத்து நாளில் பதில் வந்தது. அந்த ஒன்று, மரங்களை மலைக்கு அந்தப் பக்கமிருந்து தூக்கி எங்கள் ஜில்லாவில் நட்டிருந்தது. ஏழு மரம் வெம்பக்கோட்டை அணைத் தண்ணீருக்குள். ஒன்று பஸ் ஸ்டாண்டில். மற்றதெல்லாம் ஒரு மரமும் இல்லாத கரிசல் காட்டில். வானத்திலிருந்து எடுத்த படங்களோடு ஒரு கேள்வியும் இருந்தது: இங்கிருந்த காட்டை எப்போது அழித்தீர்கள்?

முதலாளிக்கு வேர்த்துவிட்டது. "பரிசல் ஒண்ணு பிடிச்சு, அணைக்குள்ள ஏழு மரத்தை நட்டு போட்டோ எடுத்திருவமா?" என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. பரிசல்காரருக்குப் போனும் போட்டுவிட்டார். அட கடவுளே என்று தலையில் அடித்துக்கொண்டு, நான் நடந்ததை நடந்தபடியே எழுதி அனுப்பினேன்: எங்கள் ஊரில் எட்டு ஆகாது, அதனால் மரங்களைக் கொஞ்சம் நகர்த்திவிட்டோம், மன்னிக்கவும்.

அவர்கள் தன்மையாகவே பதில் எழுதினார்கள். தங்கள் ஆபீஸ் கட்டடத்திலும் பதின்மூன்றாம் மாடி கிடையாதாம், பன்னிரண்டுக்கு அடுத்தது பதினான்காம். ஆனால் படிவத்தில் இதற்கு இடமில்லை. ஒருமுறை தப்பாகக் கொடுத்த இடத்தைத் திருத்த முடியாது. ஆகவே அந்த இருபத்தோரு மரத்தின் குச்சிகளை மட்டும் லோடிலிருந்து தனியே பிரித்து எடுத்துவிடுங்கள்.

லட்சக்கணக்கான குச்சிகள். எல்லாம் மருந்து முக்கி, பெட்டிக்குள் அடைத்தாகிவிட்டது.

"குச்சியில என்ன பேரா எளுதியிருக்கு, பிரிச்செடுக்க?" என்றாள் அம்மா. ஒரு பெட்டியைத் திறந்துகூட யாரும் பார்க்கவில்லை. லோடு குடோனிலேயே நின்றது, ஆர்டர் போனது, அம்மாவின் பிரிவை மூடினார்கள். நாற்பது பெண்கள் தூக்குவாளியோடு வந்து, கேட்டில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். புதுப்புது விதி, புதுப்புதுப் படிவம் என்று எனக்கு மட்டும் வேலை கூடிக்கொண்டே போனது. அந்த மாதமே முதலாளி என் சம்பளத்தைக் கூட்டினார்.

எட்டு விஷயம் வெளியே போனால் சிரிப்பார்கள் என்று முதலாளி வாயே திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிட அம்மாவை நினைத்தால் பயமாக இருந்தது. ஆனால் நம்பர் மாறிய விஷயம் மட்டும் எப்படியோ கசிந்துவிட்டது. ஒருநாள் மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே அவளாகப் பேச்செடுத்தாள்.

"ஆபீசுல எவனோ நம்பரை மாத்திப்புட்டானாம்லா? நாப்பது பேரு வயித்துல அடிச்ச அந்தக் கை வெளங்குமா? இருக்கன்குடி மாரியாத்தாளுக்குக் காசு முடிஞ்சு வச்சிருக்கேன். அந்தக் கையை அவ பாத்துக்கிடுவா."

சொல்லிவிடலாம் என்று நிமிர்ந்தேன். அவள் என் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள்.

"கை ஏன் நிக்குது?" என்றாள். "பெசைஞ்சு சாப்பிடு தாயி."