தூக்குவாளியில் ஒரு வாத்துக்குஞ்சு

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் வில்லாபுரத்தில் குடியிருந்தோம். மில் வேலை முடிந்து கண்மாய்க் கரை வழியாகத்தான் சைக்கிளில் வீடு திரும்புவேன். ஒரு நாள் சாயங்காலம், தண்ணீர் ஓரத்தில் ஒரு காட்டு வாத்துக்குஞ்சு தன்னந்தனியாகக் கத்திக்கொண்டிருந்தது. மேலே இரண்டு காகங்கள். மனசு கேட்கவில்லை. அரை மணி நேரம் பக்கத்திலேயே நின்று, துண்டை வீசிக் காகங்களை விரட்டினேன். தாய் வரவே இல்லை. செத்துத்தான் போயிருக்கும் என்று முடிவுகட்டி, குஞ்சைத் தூக்குவாளியில் விட்டுக்கொண்டு கிளம்பினேன்.

கரையில் புல்லறுத்துக்கொண்டிருந்த பெண் கேட்டாள்: “என்னண்ணே, தூக்குக்குள்ள கீச்சு கீச்சுங்குது?”

“தாயில்லாத குஞ்சு, தங்கச்சி. வளக்கலாம்னு கொண்டு போறேன்.”

“யாரு சொன்னா தாயில்லன்னு? அந்தக் கோரைக்குள்ளதான் இம்புட்டு நேரமும் நிக்குது. துண்டை வீசி வீசி அதையும்ல சேத்து வெரட்டுனீங்க. நீங்க நகந்தாத்தானே அது வரும்?”

எனக்கு முகம் செத்துப்போனது. குஞ்சை எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டு, தூரத்தில் ஒரு கருவேல மரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். ஒரு காகம் மறுபடி கீழே இறங்கியது. பதறி எழுந்தேன்.

“உக்காருங்கண்ணே” என்றாள், பின்னாலேயே வந்திருந்த அந்தப் பெண்.

அதற்குள் கோரையிலிருந்து தாய் பாய்ந்து வந்தது, காகம் பறந்தது. தாய்க்குப் பின்னால் ஆறேழு குஞ்சுகள். தனிக்குஞ்சு ஓடிப்போய் அவற்றின் நடுவில் புகுந்துகொண்டது. அப்புறம் நான் தூக்கியது எது என்று எனக்கே தெரியவில்லை.

அந்தத் தங்கச்சியின் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேனே என்று இன்றும் நினைத்துக்கொள்வேன். இப்போதெல்லாம் தனிக்குஞ்சு எதைக் கண்டாலும் முதலில் நான் தள்ளிப் போய்விடுகிறேன். துண்டை மடியில் வைத்துக்கொண்டு, தாய் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.