இடமாக இரண்டு, வலமாக இரண்டு

விசில் ஊதுவதுதான் பி.டி. டீச்சரின் வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன்: எங்களுக்கு அதற்கு மட்டும்தான் நேரம் கிடைப்பதில்லை. கணக்கு டீச்சர் லீவு போட்டால் அந்த வகுப்புக்கு நாங்கள். மதியச் சாப்பாட்டு வரிசையில் தள்ளுமுள்ளு என்றால் நாங்கள். அதிகாரி வருகிறார் என்றால் வாசலில் சுண்ணாம்புக் கோடு போடுவதும் நாங்கள்தான். இதைப் படிக்கிற பி.டி. ஆசிரியர்கள் யாராவது இருந்தால் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் இதே பாட்டைத்தான் பட்டிருப்பீர்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில், சங்கரன்கோவிலில் நான் வேலை பார்த்த பெண்கள் பள்ளிக்கு இங்கிலாந்திலிருந்து ஹெலன் என்று ஒரு கல்லூரி மாணவி வந்து சேர்ந்தாள். ஏழைப் பிள்ளைகளுக்கு ஆறு மாதம் சம்பளம் வாங்காமல் விளையாட்டுச் சொல்லிக்கொடுக்க வந்தவள். இருபது வயது இருக்கும். நல்ல உயரம். எங்கள் வெயிலில் மூக்கு மட்டும் எப்போதும் சிவந்திருக்கும். தலைமையாசிரியை அவளை என் கையில் ஒப்படைத்துவிட்டு, "நம்ம பி.டி. டீச்சர்கள்லயே இங்கிலீஷ் பேசுதது நீங்க ஒருத்திதான்" என்றார். பள்ளியில் இருந்ததே ஒரு பி.டி. டீச்சர்தான்.

மொழிபெயர்ப்பு

ஹெலன் ஆங்கிலத்தில் சொல்வதை நான் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். முதல் நாள் அவள் ஓட்டத்தைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசினாள். முழங்கால் எவ்வளவு உயர வேண்டும், கையை எப்படி வீச வேண்டும், மூச்சை எங்கே இழுத்து எங்கே விட வேண்டும் என்று எல்லாவற்றையும் செய்துகாட்டியே சொன்னாள். நாற்பது பிள்ளைகளும் அவள் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேசி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். நான் பிள்ளைகளைப் பார்த்து, "ஓடுங்கட்டி" என்றேன். ஓடினார்கள்.

ஹெலன் சாயங்காலம் டீ குடிக்கும்போதுதான் சொன்னாள்: "தமிழ் இவ்வளவு சிக்கனமான மொழி என்று எனக்கு யாரும் சொல்லவில்லை."

நாலு கோமதி

எங்கள் ஊர் அம்மனின் பெயர் கோமதி. அதனால் தெருவுக்குப் பத்து கோமதி உண்டு. ஹெலன் பயிற்சிக்கென்று பொறுக்கியெடுத்த பதினோரு பிள்ளைகளில் நாலு பேர் கோமதி. எறிபந்து ஆடும்போது அவள் "கோமதி" என்று கத்துவாள். நாலு பேரும் பாய்ந்து வந்து ஒருத்திமேல் ஒருத்தி விழுவார்கள். பந்து அதுபாட்டுக்கு உருண்டு போகும். கடைசியில் பிள்ளைகளே வழி சொன்னார்கள். பூக்கடைக் கோமதி, ஸ்டேஷன் கோமதி, ரெட்டைச்சடைக் கோமதி, தார்க் கோமதி. ஹெலன் அதை நோட்டில் எழுதி, நடந்துகொண்டே மனப்பாடம் செய்தாள்.

தறியில் குறுக்கே போய்வருகிற நாடாவுக்குள் வைக்கிற நூல்கட்டைக்குத் தார் என்று பெயர். தார்க் கோமதிக்கு அப்பா இல்லை. அம்மா இசக்கியம்மாள் விசைத்தறி ஓட்டினாள். பள்ளிக்கூடம் விட்டதும் கோமதி அங்கே போய்த் தார் சுற்றுகிற மிஷினில் நிற்பாள். எட்டாம் வகுப்பு. அந்த வருஷத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு முழுநேரமும் தறிக்குப் போவதென்று வீட்டில் முடிவாகியிருந்தது. எனக்கு அது மனசைப் பிசைந்தது. அவளோ சாதாரணமாகச் சொன்னாள்: "தறி இருக்குல்லா டீச்சர், பெறவு எதுக்கு ஒம்பதாங்கிளாசு?"

கரண்ட் போனால் பயிற்சி

நாலரை மணிக்குப் பயிற்சி என்று ஹெலன் கரும்பலகையில் எழுதிப்போட்டாள். நாலரைக்கு மைதானத்தில் இருந்தது அவள், நான், ஒரு ஆடு. பிள்ளைகள் எல்லாம் தறிக்கூடங்களில் இருந்தார்கள். ஐந்தேகாலுக்குக் கரண்ட் போனது. ஊர் முழுக்கத் தறிச் சத்தம் நின்று, காதில் அடைத்திருந்த பஞ்சை எடுத்ததுபோல் ஆனது. இரண்டாவது நிமிஷம் பதினோரு பேரும் மூச்சிரைக்க வந்து நின்றார்கள். ஆட்டம் சூடு பிடிக்கும்போது கரண்ட் வந்துவிட்டது. பந்து மேலே போய்க்கொண்டிருக்கும்போதே எல்லாரும் திரும்பி ஓடிவிட்டார்கள். ஹெலன் அந்தப் பந்தைத் தானே பிடித்துக்கொண்டு தனியாக நின்றாள்.

இரண்டு வாரத்தில் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். சுற்றுச்சுவரில் உட்கார்ந்து தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அதற்குள் கொஞ்சம் தமிழும் படிந்துவிட்டது. ஒருநாள் தலைமையாசிரியை அந்தப் பக்கம் வந்து, இன்றைக்குப் பயிற்சி எத்தனை மணிக்கு என்று அவளிடமே கேட்டார். ஹெலன் எழுந்து நின்று மரியாதையாகப் பதில் சொன்னாள்: "கரண்ட் போவட்டும் டீச்சர்."

ஆடிச்சுற்று

கோமதி அம்மன் தவமிருந்ததைக் கொண்டாடுகிற ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டால் எங்கள் ஊரில் ஜனங்கள் கோவிலைச் சுற்ற ஆரம்பித்துவிடுவார்கள். ஆடிச்சுற்று என்று பெயர். நூற்றியொரு சுற்று என்று நேர்ந்துகொள்வார்கள். அதற்கு மேலும் உண்டு. நான் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். ஆனாலும் தபசுக் கடைகளைப் பார்க்காமல் இருந்தால் சங்கரன்கோவிலில் குடியிருந்து என்ன பயன்? ஹெலனையும் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு கடை வாசலில் நின்று சோடா குடித்துக்கொண்டிருந்தோம். தார்க் கோமதி எங்களைக் கடந்து போனாள். சோடா தீருவதற்குள் மறுபடியும் கடந்து போனாள். மற்றவர்கள் நடந்தார்கள். கரண்ட் வருவதற்குள் தறிக்குத் திரும்ப வேண்டுமே, இவள் ஓட்டமும் நடையுமாகப் போனாள். ஹெலன் எண்ண ஆரம்பித்தாள். பதினேழு எண்ணிய பிறகும் பிள்ளைக்கு மூச்சு வாங்கவில்லை.

"இவள் எண்ணூறு மீட்டர் ஓட வேண்டிய பிள்ளை" என்றாள் ஹெலன். எனக்கும் உடம்பு சிலிர்த்தது. மாவட்டப் போட்டியில் முதல் இரண்டு இடத்துக்குள் வருகிற பெண்களைப் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடம் சேர்த்துக்கொள்ளும். தங்குமிடம், சாப்பாடு, படிப்பு எல்லாம் பள்ளிப்படிப்பு முடிகிறவரை இலவசம். தறியிலிருந்து கோமதியை மீட்க எனக்குத் தெரிந்த ஒரே கதவு அதுதான். அடுத்த சுற்றில் ஹெலன் அவளை நிறுத்தி, கால் வலிக்கவில்லையா என்று கேட்டாள். கோமதி நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு சொன்னாள்: "அம்மன் ஒத்தக் கால்ல தபசு நிக்குதா. எனக்கு ரெண்டு காலு இருக்குல்லாக்கா."

எந்தக் கைப்பக்கம்

கோவிலைச் சுற்றும்போது சாமி நம் வலது கைப்பக்கம் இருக்கும். ஓட்டப்பந்தயத்தில் மைதானத்தின் நடுப்பகுதி இடது கைப்பக்கம் இருக்க வேண்டும். அதாவது நேர் எதிர்த்திசை. இது தெரியாத பி.டி. டீச்சர் உண்டா? ஆனால் எங்கள் பள்ளிப் பெண்கள் அதுவரை நூறு மீட்டருக்கு மேல் எந்தப் போட்டிக்கும் போனதில்லை. நேர்கோட்டில் திசை தப்ப வழியில்லை. தினமும் மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்வேன், எல்லாரும் கோவிலைச் சுற்றுவதுபோல் வலமாகவே ஓடுவார்கள். பதினோரு வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஹெலன் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

அவள் கோமதியைத் தோளைப் பிடித்துத் திருப்பி மூன்று நாள் ஓடவைத்தாள். நாலாம் நாள் கரண்ட் போனது. பத்து பேர் வந்தார்கள், கோமதி வரவில்லை. நாங்கள் தறிக்கூடத்துக்கே போனோம். நின்றுபோன தறியில் அறுந்த இழையை இசக்கியம்மாள் முடிந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் கோமதி தலைகுனிந்து நின்றாள். "எடமாச் சுத்துறது சாவு வீட்டுல டீச்சர்" என்றாள் இசக்கியம்மாள். "இவ அப்பாவ எடுத்த அன்னைக்கு அப்படித்தான் சுத்துனோம். இந்தப் பிள்ளையும் சுத்துச்சு. இனி சுத்த வேண்டாம்." கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் பேசியிருப்பேன். அவள் கெஞ்சுவதுபோல் சொன்னாள்.

ஹெலன் விடவில்லை. என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். இந்தத் தடவை நான் சிக்கனம் பார்க்காமல் முழுவதையும் மொழிபெயர்த்தேன். கேட்டு முடித்துவிட்டு, "தெரியாமல் அப்படிச் சுற்றிவிட்டால் சரிசெய்ய வழி உண்டா என்று கேளுங்கள்" என்றாள். கூச்சத்தோடுதான் கேட்டேன். இசக்கியம்மாள் இழையை முடிந்து முடித்துவிட்டு நிமிர்ந்தாள். "எத்தன சுத்து எடமா ஓடுதாளோ, அத்தன சுத்து வலமா வந்துரணும். அங்கனயே, அப்பவே. அப்படின்னா ஓடட்டும். ஜெயிக்காட்டி தறிக்கு வந்துரணும்." மறுநாளிலிருந்து கோமதி ஓடிய ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சுற்று திரும்பி ஓடினாள். ஹெலனும் கூடவே ஓடினாள். ஒரு மாதம் போனதும் கடிகாரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து, கோமதியின் ஓட்டத்துக்கு நேரம் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "பயிற்சியை இரண்டு மடங்காக்கியது அவள் அம்மா. என்னைவிட அவர் நல்ல கோச்."

மாவட்டப் போட்டி

பாளையங்கோட்டைக்கு இசக்கியம்மாளும் வந்தாள், ஒருநாள் தறியை விட்டுவிட்டு. எண்ணூறு மீட்டருக்கு எட்டுப் பெண்கள். எங்கள் பிள்ளை வெறுங்காலோடு நின்றாள். முதல் சுற்றில் ஐந்தாவதாக வந்தாள். ஹெலன் தனக்குத் தெரிந்த தமிழையெல்லாம் சேர்த்து "ஓடுட்டி, ஓடுட்டி" என்று கத்தினாள். அது என் மொழிபெயர்ப்பிலிருந்து கற்றது. கடைசி வளைவில் கோமதி மூன்று பேரைத் தாண்டி, ஒரு கை தூரத்தில் முதலிடத்தை விட்டு, இரண்டாவதாக வந்தாள்.

இரண்டாம் இடம் போதும். நான் அழுதுவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் கோமதி எல்லைக்கோட்டில் இல்லை. திரும்பி, வந்த வழியே வலமாக ஓடிக்கொண்டிருந்தாள். அடுத்த போட்டிக்குப் பையன்கள் எதிரே வரிசையில் நின்றார்கள். நடுவர் தொப்பி போட்ட பெரிய உருவம். "டீச்சர், ஒங்க பிள்ளைக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா? பேரு குடுக்க வரலன்னா மூணாவது வந்தவளச் சேத்துருவேன்" என்று கையிலிருந்த தாளில் பேனாவை வைத்தார். இந்த உத்தியோகத்தில் யார் எது சொன்னாலும் "சரி சார்" என்றுதான் சொல்லிப் பழக்கம். அன்று என்ன துணிச்சலோ, ஓடுபாதையின் நடுவில் போய் நின்று, பலம்கொண்ட மட்டும் விசிலை ஊதினேன். ஓடக் குனிந்திருந்த பையன்கள் நிமிர்ந்தார்கள். நடுவரின் பேனாவும் நின்றது. அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார், "மொத்தம் எத்தன சுத்து?"

"ரெண்டு சார்."

"ஒண்ணு முடியப்போவுது. முடிச்சிட்டே வரட்டும்" என்று பேனாவை மூடிவிட்டார்.

கோமதி இரண்டையும் முடித்துவிட்டு வந்து பெயரைக் கொடுத்தாள். பாளையங்கோட்டைப் பள்ளியின் படிவத்தை நான் இசக்கியம்மாள் முன்னால் நீட்டினேன். அவள் உடனே வாங்கவில்லை. மகளின் காலைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, விரலை மையில் ஒற்றி, இரண்டு இடத்தில் அழுத்தமாக ரேகை வைத்தாள். பிறகு என்னிடமும் ஹெலனிடமும் பொதுவாகச் சொன்னாள்: "வலமா ஓடும்போதுதான் பிள்ள இன்னும் வேகமா ஓடுதா. மொதல்லயே இந்தப் பக்கமா விட்டிருந்தீங்கன்னா ஃபர்ஸ்டு வந்திருப்பா."

எங்கள் பிள்ளைகளுக்கு ஓடச் சொல்லிக்கொடுக்கக் கடல் தாண்டி ஒருத்தி வந்தாள், எந்தப் பக்கமாக ஓடுவது என்பதைத் தறிக்காரி ஒருத்தி முடிவு செய்தாள், நடுவில் நின்ற எனக்கு அந்த வருஷம் பாக்கியமாக ஊதக் கிடைத்தது ஒரே ஒரு விசில்.